காடி லைட்டுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜை வந்தால் எல்லார் வீட்டிலும் காடியின் முன் லைட்டுகளுக்குத்தான் சந்தனப் பொட்டு வைப்பார்கள். நம் வீட்டில் மட்டும் அம்மா குனிந்து நம்பர் பிளேட்டில் வைப்பாள். ஏன் என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம், "அது எங்க வழக்கம்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுவாள். பிள்ளைகளே, அப்படி ஒரு வழக்கமே கிடையாது. நடந்ததை நான் எழுதி வைக்கிறேன். அம்மா படித்தால் இரண்டு இடத்தில் கோபப்படுவாள். அந்த இடங்களை நீங்கள் கொஞ்சம் வேகமாகப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். பினாங்குப் பாலம் இன்னும் வரவில்லை. தீவிலிருந்து அக்கரைக்குப் போக ஃபெர்ரிதான். நம் தெருக் கோடியில் ஒரு யாழ்ப்பாணத்து ஐயா இருந்தார். அரசாங்க ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம்தான் அந்தப் பழைய பிரிட்டிஷ் காடியை வாங்கினேன். தவளை முகம், சாம்பல் நிறம். முன்னால் உருண்டையாக இரண்டு லைட்டு, வெளியே புடைத்த கண்ணாடியும் நிக்கல் வளையமுமாக.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்காமலே ஐயா சொன்னார்:

"தம்பி, எஞ்சினை வேணுமெண்டால் மாத்தும். சீட்டை மாத்தும். உந்த லைட்டிலை மட்டும் கை வையாதையும். அது ஒறிஜினல். அதை மாத்தினால் காரின்ரை முகமே போயிடும்."

"சரிங்க ஐயா" என்றேன். சாவி வேண்டுமே.

காடி கைமாறிவிட்டது என்று நான்தான் நினைத்தேன், ஐயா நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குடையை ஊன்றிக்கொண்டு வருவார். எனக்கு வணக்கம் சொல்லும் முன் காடியின் மூக்கைத் தடவிக் கொடுப்பார். டயரை உதைத்துப் பார்ப்பார். லைட்டின் முன் குனிந்து தன் முகத்தைப் பார்த்துத் தலைமுடியைச் சரி செய்துகொள்வார். அதன் பிறகுதான் காப்பி.

அந்த லைட்டு அழகுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. வெளிச்சம்தான் வராது. மங்கலாக மஞ்சளாக ஏதோ முன்னால் விழும். அவ்வளவுதான்.

ஒரு நாள் சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் உங்கள் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பொழுது சாய்ந்து மழை தூறிக்கொண்டிருந்தது. அம்மா மடியில் பெரியம்மா கொடுத்த மோர்க்குழம்புப் பானை. ரோட்டு நடுவில் ஒரு கறுப்பு மாடு படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. நான் பிரேக்கை மிதித்தேன். காடி மாட்டின் கொம்புக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. மோர்க்குழம்பு நிற்கவில்லை.

அம்மா சேலையைப் பிழிந்துகொண்டே மெதுவாகச் சொன்னாள். மெதுவாகச் சொன்னால்தான் எனக்குப் பயம்.

"மாடு நம்மளப் பாத்துச்சு. நீங்க மாட்டப் பாக்கல."

"இருட்டு. அதுவும் கறுப்பு மாடு."

"இருட்டுக்குத்தானே லைட்டு? பகல்ல எதுக்கு லைட்டு, ஐயா தலை சீவவா? நல்ல லைட்டு மாட்டுங்க. அது வரைக்கும் நான் இந்தக் காடியில ஏற மாட்டேன்."

ஏதோ கோபத்தில் சொல்கிறாள், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று இருந்தேன். அடுத்த ஞாயிறு பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பியபோது உங்கள் இருவரையும் காடியில் ஏற்றிவிட்டு, அம்மா பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். நான் காடியைப் பக்கத்திலேயே மெதுவாக உருட்டிக்கொண்டு போய்க் கூப்பிட்டேன். ரோட்டில் போகும் பெண்ணை வம்புக்கு இழுக்கிறேன் என்று நினைத்து ஒரு வயதான மலாய்க்கார மாக்சிக் என்னை முறைத்தார். விட்டுவிட்டேன்.

ஃபெர்ரியில் காடிகள் கீழ்த்தட்டில், ஆட்கள் மேல்தட்டில். ஒரே ஃபெர்ரியில் அம்மா மேலே, நாம் கீழே. பெரியவள் கண்ணாடியை இறக்கி, "அம்மா" என்று கத்தினாள். மேலேயிருந்து அம்மா கையசைத்தாள், ஏதோ சீமைக்குப் போகிறவள் மாதிரி. அக்கரையில் இறங்கி அவள் சிம்பாங் அம்பாட் பஸ்ஸில் ஏறினாள். நான் அந்த பஸ்ஸின் பின்னாலேயே போனேன். அது நிற்கும் இடத்தில் எல்லாம் நின்றேன். தனியாக விட்டுவிட்டுப் போக மனம் வருமா?

பஸ் கண்டக்டர் தமிழர். அவர் அம்மாவிடம் வந்து குனிந்து சொன்னாராம்:

"அக்கா, பயப்படாதீங்க. பின்னால ஒரு பழைய காடி நம்மள விடாம தொரத்திக்கிட்டு வருது. போலீஸ் ஸ்டேஷன் வந்தா சொல்றேன்."

"வேணாம் தம்பி. அது என் வீட்டுக்காரர்."

"சண்டையா அக்கா?"

"சண்டை இல்ல. லைட்டு."

இப்படியே மாதக்கணக்கில் ஓடியது. பெரியம்மா வீட்டில் எங்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சொந்தக் காடி இருந்தும் மனைவி பஸ்ஸில் போகிறாள் என்றால் எந்த ஆம்பிளைக்குத்தான் மானம் போகாது? அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும், எனக்கு அவ்வளவுதான் வேண்டும். ஆனால் லைட்டை மாற்றினால் ஐயா முகத்தில் எப்படி விழிப்பது? துறைமுகத்தில் பெட்டி தூக்கும்போதுகூட இதே யோசனைதான்.

கடைசியில் உங்களையும் கூட்டிக்கொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் சீனத் தவுக்கே கடைக்குப் போனேன். கடை முதலாளியான அந்தத் தவுக்கே நம்மவர்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார். இரண்டு ஜோடி லைட்டை மேசைமேல் வைத்தார். ஒன்று ஒரிஜினல் மாதிரியே புடைத்த கண்ணாடி, நிக்கல் வளையம். மற்றது புது மாடல் ஹேலோஜன். தட்டையான கண்ணாடி, அளவு அதே அளவு.

நான் ஒரு ஜோடியைத் தூக்கிக் காடியின் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். பிறகு மற்றதை. பிறகு மறுபடியும் முதலாவதை. புடவைக் கடையில் அம்மா செய்வதை நான் எத்தனை முறை குறை சொல்லியிருக்கிறேன் என்று அப்போது நினைப்பு வந்தது. பெரியவள் ஹேலோஜனைப் பார்த்து, "கண்ணு ஆப்பரேசன் பண்ணின தாத்தா மாதிரி இருக்குப்பா" என்றாள். சின்னவன் இரண்டையும் நக்கிப் பார்த்தான்.

தவுக்கே பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அண்ணே, ஆளுங்க உங்க காடியப் பாக்கணுமா, உங்க காடி ரோட்டப் பாக்கணுமா? அத மட்டும் சொல்லு லா."

ஹேலோஜனை வாங்கி மாட்டினேன். பழைய லைட்டுகளைக் கைலியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன், ஐயாவுக்குத் தெரியாமல்.

அந்த ஞாயிறு ஐயா வந்தார். அவர் குனிந்தார். தலைமுடியைச் சரி செய்தார். நிமிர்ந்தார்.

"பாத்தீரே தம்பி, ஒறிஜினல் ஒறிஜினல்தான். இப்ப வாற சாமானிலை இந்த வடிவு வருமே?"

"வராதுங்க ஐயா" என்று சொல்லிக் காப்பியை நீட்டினேன்.

இனி அம்மா ஏற வேண்டியதுதான் பாக்கி. நல்ல நாள் பார்த்து வெள்ளிக்கிழமை ஏறுகிறேன் என்றாள். அன்று வேலை முடிந்து, மழை இருட்டில் லைட்டைப் போட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வெளிச்சம் எதிர்வீட்டுச் சுவரில் போய் அடித்தது. அம்மா வாசலில் நின்று பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அணைக்காதீங்க. எரியட்டும். பொட்டு வச்சிட்டு ஏறுறேன்."

வெள்ளிக்கிழமைதோறும் காடிக்குப் பொட்டு வைப்பது அவள் பழக்கம். பஸ்ஸில் போன மாதங்களில்கூட அதை விடவில்லை. கோபம் லைட்டு மேல்தான், சாமி மேல் இல்லை. அரைத்த சந்தனம் காய்ந்துவிடக் கூடாதென்று சின்னக் கிண்ணத்தில் ஐஸ் பெட்டிக்குள் வைத்திருப்பாள். அந்தக் கிண்ணத்தை எடுத்து வந்தாள். ஜில்லென்ற சந்தனத்தை வழித்து, கொதிக்கிற ஹேலோஜன் கண்ணாடியின் நடுவில் அழுத்தி வைத்தாள்.

டிக்.

எனக்கும் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டது. அவள் அப்படியே நின்று, விரலால் பானட்டை மூன்று தரம் தட்டினாள்.

"பல்லி சொல்லுது. பாத்தீங்களா, எவ்வளவு நல்ல சகுனம்."

நானும் நம்பினேன், பொய் சொல்லவில்லை. நல்ல காரியத்தில் பல்லி சொன்னால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? அந்தச் சந்தோஷத்தில் அம்மா அடுத்த லைட்டுக்குப் போய், கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனம் முழுவதையும் அப்பினாள்.

டிக். டிக். டிக்.

"விடாம சொல்லுது" என்றாள் அம்மா. பிறகு சுற்றும் முற்றும் பார்த்தாள். "ஆமா, ரோட்டுல ஏது பல்லி?"

சந்தனம் வறுபடும் வாசனை வந்தது. கண்ணாடியில் பொட்டிலிருந்து நாலு பக்கமும் கோடு ஓடியிருந்தது, சிலந்தி வலை மாதிரி. கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் உள்ளே இறங்கி, இடது பல்பு புஸ்ஸென்று போனது. வலது பல்பு யோசித்துவிட்டுப் பின்னாலேயே போனது.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகு அம்மா சொன்னாள்:

"சாமான் சரியில்ல. கடையில திருப்பிக் குடுங்க."

"என்ன சொல்லிக் குடுக்க?"

"பொட்டு வச்சோம்னு சொல்லுங்க. தப்பா?"

சொன்னேன். தவுக்கே விரிசல் விட்ட கண்ணாடியைக் கையில் எடுத்து, காய்ந்த சந்தனத்தைச் சுரண்டி முகர்ந்து பார்த்தார். அவர் தலைக்கு மேலேயே சிவப்பாக ஒரு சாமி மாடம், ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

"அண்ணே, நானும் கும்பிடுறேன் லா. ஆனா சாமிக்குத்தான் கும்பிடுறேன். லைட்டுக்குச் சோறு ஊட்ட மாட்டேன்."

திருப்பி எடுக்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய லைட்டுகளை எடுத்தேன். மாட்டப் போகும் நேரத்தில் அம்மா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போனாள். குத்துவிளக்கு துலக்கும் புளியை எடுத்தாள். அந்தப் புடைத்த கண்ணாடியைத் தேய் தேயென்று தேய்த்தாள். முதலில் தண்ணீர் மஞ்சளாகப் போனது. பிறகு குங்குமச் சிவப்பாக. பிறகு மறுபடியும் மஞ்சளாக. இத்தனை வருஷத்துப் பொட்டும் அந்தக் கண்ணாடியில் படிந்து, வட்டமாகப் பழுப்பேறியிருந்தது. மேலே இருந்தது அம்மா வைத்தது. அடியில் இருந்தது ஐயா வீட்டு அம்மா வைத்ததாகத்தான் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் லைட்டை மறைத்துவிட்டு, வெளிச்சம் இல்லை என்று இந்தக் காடியைத் திட்டியிருக்கிறோம்.

புளி போட்டுத் தேய்த்தால் பழைய லைட்டு ஹேலோஜன் ஆகிவிடாது. ஆனால் மாட்டிப் போட்டுப் பார்த்தபோது, ரோடு ரோடாகத் தெரிந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். "கீரை ஆயணும்" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். ஏறுகிறேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐயா கொஞ்சம் தாமதமாக, விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்தார். நான் லைட்டைப் போட்டுக் காட்டினேன், பெருமையாக. அவர் முகம் மாறிவிட்டது.

"தம்பி, நீர் லைட்டை மாத்திப்போட்டீர்."

"இல்லீங்க ஐயா. இது பழசுதான்."

"எனக்குச் சொல்லாதையும். இருபது வரியம் நான் ஓடின கார். இவ்வளவு வெளிச்சம் ஒருநாளும் இருந்ததில்லை. போன கிழமை இருந்ததுதான் ஒறிஜினல். இது ஏதோ புதுச் சாமான்."

போன வாரம் இருந்ததுதான் புதுச் சாமான் என்று எப்படிச் சொல்வது? ஐயா குடையை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். நடையைப் பார்த்தால் இனிமேல் இந்த வாசலுக்கு வர மாட்டார் போலிருந்தது. அப்போது அம்மா ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

"ஐயா, நில்லுங்க. நான் என் கையால புளி போட்டுத் தொலக்கின லைட்டு. புதுசுன்னு சொல்றீங்களே? ஏறுங்க. ஓட்டிக் காட்டச் சொல்றேன்."

"எனக்கு வேண்டாம் பிள்ளை."

"ஏறுங்கன்னா ஏறுங்க. இந்தாங்க, நானும் வரேன்."

ஐயாவைப் பின்னால் உங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார வைத்தாள். பிறகு முன் கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். அவளுக்கு ஞாபகம் வந்து இறங்கிவிட்டால்? கிளச்சை மெதுவாக விட்டேன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை வழியாகக் கடற்கரைச் சாலைக்கு ஓட்டினேன். நல்ல இருட்டு வந்துவிட்டது. ஒரு பூனை குறுக்கே போனது.

"பூனை" என்றாள் அம்மா.

"பாத்துட்டேன்" என்றேன்.

பின்னாலிருந்து ஐயா தொண்டையைச் செருமினார். "எஞ்சின் சத்தம் அதேதான்" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "என்ரை மனுசி புளி போட்டுப் பாக்கேல்லை" என்றார். அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது காடியின் மூக்கைத் தடவிவிட்டுத்தான் உள்ளே போனார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். நான் எஞ்சினை அணைத்தபோதுதான் தான் எதில் உட்கார்ந்திருக்கிறோம் என்று பார்த்தாள். இறங்குவாள், ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"வர்ற ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போறப்ப, திரும்பி வர்றதுக்கு மோர்க்குழம்பு வேணாம்னு சொல்லிடுறேன்" என்றாள். "இல்லன்னா பானைய நீங்க மடியில வச்சுக்கிட்டு ஓட்டுங்க."