மார்ஜரியின் இடது கால்

யட்டவத்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மார்ஜரி இருபத்தெட்டு வருடம் கொழுந்து எடுத்தாள். மழை பெய்து வழுக்கும் செங்குத்து மலையில் மற்றப் பெண்கள் செடியைப் பிடித்துப் பிடித்து இறங்குவார்கள். இவளுக்கு இரண்டு கையும் கொழுந்திலேயே இருக்கும். கால்விரலால் மண்ணைக் கவ்விக்கொண்டு மளமளவென்று இறங்கிவிடுவாள். "ஒனக்கு காலா, ஆட்டுக் குளம்பா?" என்று புருஷன் ரபாயேல் கேலி செய்வான். தன் கால்களைப் பற்றி அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

நவம்பர் கடைசியில் மூன்று நாள் விடாமல் மழை. நாலாம் நாள் காலை, அவள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேடு அப்படியே இறங்கியது. கண் திறந்தபோது இடுப்புவரை சேறு. இடது காலின்மேல் கூரை மரம். ரபாயேலைக் காணவில்லை. சேற்றுக்குள்ளிருந்து அவன் கை மட்டும் அவள் கையைப் பிடித்திருந்தது.

வலது காலை எதிலோ முட்டுக்கொடுத்து, தொடை வெடவெடக்க இழுத்தாள். இடது காலையும் ஊன்ற முடிந்தால் அவனை வெளியே எடுத்துவிடலாம் என்று பட்டது. அந்தக் கால் அசையவில்லை. இழுத்தாள், கத்தினாள், மாதாவைக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவன் பிடி தளர்ந்தது. இவள் விடவில்லை. ஆட்கள் வந்து மரத்தை அறுத்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. அப்போதும் அந்தக் கையைப் பிடித்தபடிதான் இருந்தாள்.

பாதை உடைந்து கிடந்ததால், சாக்குத் தொட்டிலில் சுமந்து டவுன் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள் ஒரு பகலும் ஒரு இரவும் போய்விட்டன. மணிக்கணக்கில் நசுங்கிய தசை உள்ளேயே வீங்கி, இரத்தம் ஓடாமல், முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் செத்துப்போயிருந்தது. டாக்டர்கள் காலைக் காப்பாற்றினார்கள். செத்த தசையை வெட்டி எடுத்தார்கள். தொடையில் தோல் எடுத்துக் காயத்தை மூடினார்கள். ரபாயேலின் அடக்கத்துக்கு மகள் ஷெனாலி மட்டும்தான் போனாள். அவள் மாத்தளையில் துணிக்கடையில் வேலை செய்கிறவள்; பஸ் ஓடாததால் அந்தக் கிழமை முழுவதும் டவுனிலேயே தங்கித் தப்பியவள்.

காயம் ஆறிய பிறகு மார்ஜரியைச் சக்கர நாற்காலியில் வைத்து உடற்பயிற்சி அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே இருந்தவள் தக்ஷாயினி, யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த இளம் பிசியோதெரபிஸ்ட்.

"பாதத்தை மேல தூக்குங்கோ அம்மா."

மார்ஜரி பல்லைக் கடித்துத் தூக்கினாள். பாதம் செத்த கோழியின் தலைபோலத் தொங்கியது.

"வரலையே மிஸ்."

"வராது. பாதத்தைத் தூக்கிற தசை முன்னுக்கு இருந்தது, இப்ப இல்லை. பின்னுக்குக் கெண்டைத் தசை இருக்கு. எதிர்த்து இழுக்க ஆளில்லாததால அது பாதத்தைக் கீழயே இழுத்துக்கொண்டு போகும். நாளுக்கு மூண்டு தரம் நீட்டிவிடாட்டி, பிறகு குதிக்கால் நிலத்தில படாது. விளங்குதோ?"

"அப்ப நான் எப்படி நடக்குறது?"

"பாதம் செய்த வேலையை இடுப்பும் தொடையும் பழகவேணும்."

நாடாவால் அளந்தபோது இடது தொடை நாலு சென்டிமீற்றர் மெலிந்திருந்தது. படுத்தபடி முழங்காலை அழுத்துவது, காலை விறைப்பாகத் தூக்குவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழும்புவது என்று பயிற்சிகள். பத்துத் தரம் எழும்பினால் மலையில் ஒருநாள் நின்ற களைப்பு. பிறகு இரண்டு கம்பிகளுக்கு நடுவே தக்ஷாயினி அவளை நிற்கப் பழக்கினாள். சும்மா நிற்கும்போதும் கணுக்காலைச் சுற்றிய தசைகள் ஓயாமல் வேலை செய்து உடம்பைச் சரிக்கட்டுகின்றன என்று அப்போதுதான் மார்ஜரிக்குத் தெரிந்தது. அவளுடைய இடது பக்கம் அந்த வேலைக்குப் பாதி ஆள்தான் மிச்சம்.

"இப்ப கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கோ."

மூடினாள். உடம்பு ஒரு பக்கம் சரிந்தது. கால் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. இடுப்பைச் சுற்றி மறுபடி அந்தச் சேறு ஏறியது. அவள் போட்ட கூச்சலில் வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தக்ஷாயினி ஓடிவந்து கட்டிப்பிடித்து உட்கார வைத்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு தாயும் மகளும் கோயில் மண்டபத்தில் வீடிழந்த மற்றக் குடும்பங்களோடு தங்கினார்கள். அங்கே மார்ஜரி ஒரு பயிற்சியும் செய்யவில்லை. மகள் கேட்டால் "செஞ்சிட்டேன்" என்பாள். மூன்று கிழமை கழித்துக் கிளினிக்கில் தக்ஷாயினி பாதத்தைப் பிடித்துப் பார்த்தாள்.

"பொய் சொல்லாதேங்கோ அம்மா. நீங்கள் செய்யேல்லை."

"இது நல்லாகி என்ன மிஸ் செய்ய?" என்றாள் மார்ஜரி. "அன்னைக்கி அவரு என் கையப் புடிச்சிருந்தாரு, இது அசையல. அசஞ்சிருந்தா அவரு இருந்திருப்பாரு. இனிமே அசஞ்சி யாருக்கு?"

அறை வாசலில் நின்ற ஷெனாலிக்கு அந்தக் கையின் கதை அன்றுதான் தெரிந்தது.

தக்ஷாயினி பாதத்தைக் கையிலிருந்து விடவில்லை. "மரம் அமத்தின கால் அம்மா அது. ஆருடைய காலெண்டாலும் அசைஞ்சிருக்காது," என்றாள். "நடந்ததை என்னால மாத்த ஏலாது. ஆனா இந்தக் குதி இன்னும் ஒரு மாசத்தில இறுகிப்போகும். பிறகு அதையும் என்னால மாத்த ஏலாது."

மறுநாளிலிருந்து ஷெனாலி பஸ்ஸுக்குப் போகுமுன் தாயின் உள்ளங்காலில் துவாய்த் துண்டைப் போட்டு இழுத்துப் பிடித்தாள். ஒருநாள், "அப்பா கை சூடா இருந்துச்சாம்மா?" என்று கேட்டாள். "இருந்துச்சு," என்றாள் மார்ஜரி.

ஜூலையில் மார்ஜரி சப்பாத்துக்குள் பாதத்தைத் தூக்கிப்பிடிக்கும் பிளாஸ்டிக் தாங்கி போட்டுச் சமதரையில் தடியில்லாமல் நடந்தாள். ஆகஸ்டில் மலைக்கு வேலை கேட்டுப் போனாள். கங்காணி மேர்வின் அதிகம் சரிவில்லாத மலையாகப் பார்த்துக் கொடுத்தார். "மெதுவா பாத்து எறங்குக்கா," என்றார். ஏறுவது முடிந்தது, தொடை தூக்கிக்கொடுத்தது. இறங்குவதுதான் வேறு. உடம்பின் பாரத்தைத் தொடை விட்டுக்கொடுத்தபடியே தாங்கவேண்டும். பாதம் முன்னால் பூப்போல இறங்கவேண்டும். இறக்கிவிடும் தசை இல்லாத பாதம் ஒரு வேரில் மாட்டியது. கூடையோடு நாலு நிரைச் செடி தாண்டி உருண்டாள்.

எலும்பு முறியவில்லை. ஓடிவந்த பெண்கள் தூக்கியபோது, சிதறிய கொழுந்தை அவளே பொறுக்கிக் கூடையில் போட்டாள். அந்தக் கூடையைக் கங்காணியிடம் கொடுத்துவிட்டு, பாதையோடு சுற்றி நடந்து போனாள். அதோடு மலை முடிந்தது.

இப்போது கன்று வளர்க்கும் மேடையில், தாழ்ந்த பலகையில் உட்கார்ந்து பைகளுக்கு மண் நிரப்புகிறாள். மழை நாளில், மண் ஈரமாக இருந்தால், அவளால் அதைத் தொட முடியாது, எழுந்து போய்விடுவாள். ஷெனாலி டவுனில் அறை தேடுகிறாள். இன்னொரு மழைக்காலத்தை மலையடியில் கழிக்கமாட்டேன் என்கிறாள். மார்ஜரி துவாயை உள்ளங்காலில் போட்டு, பாதத்தைத் தானே இழுத்துப் பிடிக்கிறாள்.