இரட்டைக் குழாயில் கேட்டது

அந்தக் கருவியை உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரே ஸ்டெதஸ்கோப், கீழே ஒரு வில்லை, மேலே இரண்டு பேர் காதில் மாட்டிக்கொள்ள இரண்டு குழாய். ஒரு கையின் துடிப்பை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்கலாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு வாய்த்த காதல், அதைக் காதல் என்று சொல்லலாமோ கூடாதோ, அந்தக் குழாயின் நீளத்துக்குள்தான் நடந்தது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துப் பெரியவர்களில் யாருக்கெல்லாம் மாரடைப்பு வரக்கூடும் என்று கணக்கெடுக்கிற வேலை. தெருத்தெருவாகப் போய் ரத்த அழுத்தம் பார்ப்போம், இடுப்பைச் சுற்றி டேப் வைப்போம், பீடி உண்டா, அப்பா அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்ததுண்டா என்று விசாரிப்போம். அளப்பது நான், கேள்வி கேட்பது என்னோடு ஜோடியாகப் போட்டிருந்த அவர். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். அவர் அப்பா திருநெல்வேலியிலிருந்து ராணுவத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். எங்கள் அளவு சரிதானா என்று சோதிக்க, சிலருக்கு மட்டும் நாங்கள் இருவரும் இரட்டைக் குழாயில் கேட்டு, ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுதி, கணக்கெடுப்பை நடத்திய டாக்டரம்மாவிடம் கொடுக்க வேண்டும்.

குழாயோ குட்டை. தலையோடு தலை முட்டும். மூச்சுவிடக்கூட யோசிப்பேன்.

மண்ணூர்பேட்டையில் பூ விற்கிற அம்மாள் ஒருத்தி எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "இன்னா நைனா, ஒரு கைக்கு ரெண்டு பேரா? அவ்ளோ மோசமாவா கீது என் ஒடம்பு?"

"இல்லம்மா, நாங்க சரியா கேக்குறோமான்னு பாக்கத்தான்" என்றார் அவர்.

"நல்லா கேளுங்க. சோடி பொருத்தமாத்தான் கீது."

அவர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "சிஸ்டர், எழுதிட்டீங்களா?" என்றார். சிஸ்டராம், சிஸ்டர்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மனுஷன் அதைக் கவனித்தால்தானே? சாயங்காலம் அண்ணனூர் ஸ்டேஷனில் வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினார். வேண்டாம் என்றேன். அப்புறம் பாதிக்கு மேல் நான்தான் தின்றேன்.

அங்கே உட்கார்ந்துதான் அவர் அப்பாவைப் பற்றிச் சொன்னார். "வேலை செஞ்ச இடத்துலயே சரிஞ்சிட்டாங்க. நல்லா இருந்த மனுஷன். ஒரு நாள் தலவலின்னுகூட படுத்ததில்ல." சொல்லிவிட்டுத் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. வண்டி வந்துவிட்டது.

ஒரு வார்த்தை சொல்வார், சொல்வார் என்று காத்திருந்தேன். வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச், நான் வெள்ளிக்கிழமை அம்மன் கோயில். அவர் மட்டும் வாயைத் திறந்திருந்தால் ஊரையே எதிர்த்து நின்றிருப்பேன். திறக்க வேண்டுமே!

கடைசி நாள் முகாம் திருமழிசையில், ஒரு பள்ளிக்கூட அறையில். மத்தியானத்துக்கு மேல் ஈ காக்கை இல்லை. "ஊருக்கெல்லாம் பாத்தாச்சு, நம்மள யாரு பாக்குறது? தம்பி, நீங்க உக்காருங்க" என்றார் டாக்டரம்மா. அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். குழாயின் ஒரு பக்கம் டாக்டரம்மா, மறுபக்கம் நான்.

பாதரசம் ஏறி மெல்ல இறங்க ஆரம்பித்த உடனேயே சத்தம் கேட்டது. வழக்கமாக எதுவுமே கேட்காத உயரம் அது. திடும் திடும் என்று அடிக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பயமோ படபடப்போ இருந்தால் அழுத்தம் ஏறும் என்று பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். என் விரல் அவர் முழங்கை மடிப்பில் இருந்தது. வேறென்ன படபடப்பு?

டாக்டரம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீ கொஞ்சம் வெளிய இரும்மா. தனியா உக்காரட்டும், மறுபடி பாக்குறேன்."

வராந்தாவில் நின்றேன். இறங்கினால் நான், இறங்காவிட்டால் நோய். தாயே, இறங்க வேண்டும், அவர் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அந்த வேண்டுதலில் என் ஆசையும் ஒட்டிக்கொண்டிருந்ததை அம்மன் பார்க்காமலா இருந்திருப்பாள்?

ரொம்ப நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். "இறங்கவே இல்லம்மா. திரும்பத் திரும்பப் பாத்துட்டேன். அப்பனுக்கு இருந்தது பிள்ளைக்கும் வந்திருக்கு. இந்த வயசுல! பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்திருக்கேன்."

நான் இல்லை. என் விரலுக்காக அந்த நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, எதற்கென்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பஸ் நிறுத்தத்தில் அவர், டாக்டரம்மா கொடுத்த சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். "பயமா இருக்குங்க" என்றார். இத்தனை மாதத்தில் என்னிடம் மனசைத் திறந்து அவர் கேட்ட ஒரே ஆறுதல் அதுதான். நான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். வாயெடுத்தேன்.

பூந்தமல்லி பஸ் வந்து நின்றது.

"உப்பைக் குறைச்சுக்குங்க" என்றேன்.

"சரிங்க" என்று தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டார்.