மஞ்சள் தண்ணீரில் அலசிய இறால்

எங்கள் அக்காவின் முப்பத்தோராம் நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, முதலில் சாப்பிட்டுவிட்டு, பிறகு ஆறுதலாக இருந்து இந்த நினைவு மலரை வாசியுங்கள். வாசித்துவிட்டுப் பந்திக்குப் போனால் சிலருக்குச் சோறு இறங்காது.

சாவு வீட்டில் சின்ன மாமா சபை நடுவே கதிரை போட்டு இருந்து சொன்னதைப் பலரும் கேட்டீர்கள். “பாவம், தெரியாமச் செஞ்ச பிழைதானே. நாங்க அவள எப்பவோ மன்னிச்சிட்டம்” என்றார். அவர் எங்கள் அம்மாவின் கடைசித் தம்பி. அவருடைய மன்னிப்பை அவரே வைத்துக்கொள்ளட்டும். எங்கள் அக்கா உணவில் கலப்படம் செய்தவரா இல்லையா என்பதுதான் எனக்குப் பெரிது. அதைத் தம்பியாகிய நான் இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்கா வாகரையில் பிறந்தவர். கடலுக்குப் போன அப்பா திரும்பி வராததால் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு வாழைச்சேனைக்கு வந்தார். அம்மாவும் நோயில் விழ, அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வாவிக்கரையில் இறால் காயப்போடும் வாடியில் வேலைக்குப் போனார். எங்களைப் படிக்க வைத்தார். தமக்கென்று ஒரு கலியாணத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. வாய் கொஞ்சம் காரம். ஆனால் வாடியில் எந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் என்றாலும் அந்த வீட்டு அடுப்பை மூட்டப் போகிறவர் அவர்தான். நாளடைவில் அந்த வாடியே அக்காவின் பொறுப்புக்கு வந்தது.

காய்ந்த இறால் மலைநாட்டுக்குப் போனது போதும், இனி வெளிநாட்டுக்கே அனுப்பலாம் என்று சின்ன மாமா வந்து நின்றது ஊரே பாணுக்கு வரிசையில் நின்ற பஞ்சக் காலத்தில். அரசாங்கத்துக்கு அந்நியச் செலாவணி வேண்டும். வெளிநாட்டுக்காரனுக்குக் கோது உரித்த இறால் வேண்டும். மாமா கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு முகவராகி, ஐஸ் ஏற்றிய லொறியோடு வந்தார். கடதாசி ஆலைச் சங்கு ஊதுகிற நேரத்துக்கு லொறி வாடி வாசலில் நிற்கும். ஊரே அந்த லொறியைத் தேரைப் பார்ப்பது போலப் பார்த்தது.

சட்டதிட்டங்களையும் மாமாதான் கொண்டுவந்தார். எழுத்தில் எதுவும் இல்லை, எல்லாம் வாய்ச்சொல். “கையில புண் உள்ளவங்க தொடக் கூடா. தலமயிர் விழக் கூடா. ஒரு கிருமி இரிக்கக் கூடா. அங்க துறைமுகத்தில சோதிப்பாங்க புள்ள” என்றார்.

“கிருமி போறத்துக்கு மஞ்சள விட வேற என்ன மாமா இரிக்கு? மஞ்சள் தண்ணியில அலசி விடட்டா?” என்று கேட்டார் அக்கா. நம் வீடுகளில் மீனோ இறாலோ மஞ்சள் படாமல் சட்டிக்குப் போகுமா?

“ஓம் புள்ள, நல்லா அலசு. பொன் மாதிரி இரிக்கும்” என்றார் மாமா. வாளி பக்கத்தில் நின்றுதான் சொன்னார். மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்த பூமணி மச்சாளும் மற்றப் பெண்களும் அதைக் காதாரக் கேட்டார்கள்.

அந்தச் சரக்கு அக்கரைத் துறைமுகத்தில் மறிக்கப்பட்டது. உணவில் நிறம் சேர்த்திருக்கிறார்கள், பெட்டியில் அதைச் சொல்லவில்லை, அந்த நாட்டுச் சட்டப்படி இது கலப்படம் என்று ஒதுக்கிவிட்டார்கள். நான் அப்போது கொழும்பில் கப்பல் முகவர் ஒருவரிடம் எழுதுவினைஞனாக இருந்தேன். இறாலுக்கு அங்கே விலை சரிந்துகொண்டிருந்ததும் எங்களுக்குத் தெரியும். முதலில் போன சரக்கும் இதே மஞ்சளில் அலசியதுதான். விலை ஏறி நின்றபோது அது எவன் கண்ணிலும் படவில்லை. விலை விழுந்ததும் எல்லாருக்கும் கண் தெரிந்துவிட்டது! சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. தங்கள் பிள்ளைகள் சாப்பிடுவதை அவர்கள் சோதிக்கத்தானே வேண்டும்? அந்தச் சட்டத்தை அறிந்துவந்து எங்களுக்குச் சொல்ல வேண்டியது யார்? அதற்கென்றே தரகு வாங்கியவர் யார்?

கொம்பனிக்காரர்கள் விசாரிக்க வந்தபோது சின்ன மாமா வாடி வாசலிலேயே அக்காவைக் கைநீட்டிக் காட்டினார். “இவள்தான் நிறம் போட்டவள். என்னக் கேக்காமச் செஞ்சிட்டாள்.”

“மாமா, நீங்க இந்த வாளிக்கிட்டதானே நிண்டீங்க?” என்றார் அக்கா.

“நானா? எனக்கென்ன விசரா?”

பூமணி மச்சாள் வாயைத் திறந்தார். அவருடைய புருஷன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். மற்ற ஆண்கள் எல்லாரும் வலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாமாவைப் பகைத்தால் ஐஸ் லொறி வராது. இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் பெரியவர்களே, அன்று அங்கே நின்ற உங்களுக்கு நான் பெயர் சொல்ல வேண்டியதில்லை. லொறி தொடர்ந்து வந்தது. வாடி வேறு கைக்குப் போனது. அக்காவுக்குக் கலப்படக்காரி என்ற பட்டம் மட்டும் மிஞ்சியது.

அதற்குப் பிறகு அக்கா சந்தையில் பச்சை இறால் விற்றார். வாங்க வருபவர்கள் கேட்காமலே சட்டியைச் சரித்து, “பாருங்க, வெறுந் தண்ணிதான்” என்று காட்டுவார். ஒருமுறை அதை நேரில் கண்டேன். “ஏன் அக்கா காட்டுறீங்க?” என்று கத்தினேன். “காட்டாட்டி நினைப்பாங்க, காட்டினா வாங்குவாங்க. மறுகா நான் என்னடா செய்ற?” என்றார். நெஞ்சு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலும் அதே பேச்சுத்தான். “நான் கேட்டுத்தான்டா போட்டன்” என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். கடைசியாக எனக்கு விளங்கிய வார்த்தை அதுதான்.

இனி நன்றி சொல்ல வேண்டும். வைத்தியம் பார்த்தவர்களுக்கும், இரவு பகல் பாராமல் உடனிருந்த அயலவர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் எல்லாருக்கும் மேலாகப் பூமணி மச்சாளுக்கு. சாவு வீட்டில் சின்ன மாமா மன்னிப்புக் கொடுத்து முடித்த கையோடு, அக்காவைக் குளிப்பாட்ட அரைத்த மஞ்சளை ஏந்திக்கொண்டு அவர் மறைப்புக்குள்ளிருந்து வெளியே வந்தார். பெண்கள் வராத சபைக்குள் நேரே நடந்துவந்து மாமாவின் முன்னால் கிண்ணத்தை நீட்டினார்.

“முதலாளி, மஞ்சள் போடட்டா? மறுகா நாங்க கேக்கல்ல எண்டு சொல்லக் கூடா.”

பறையும் நின்றிருந்த நேரம் அது. அவருடைய புருஷன் எழும்பினார், ஆனால் இம்முறை கையைப் பிடிக்கவில்லை. மச்சாள் கிண்ணத்தை இறக்கவும் இல்லை. சின்ன மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “ஓம் புள்ள, போடு” என்றார்.

இந்த முறை அதை ஊரே கேட்டது.