தலைவர் பிரிக்காத நியூஸ்லெட்டர்

சென்ற ஞாயிறு காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போயிருந்தேன். சிறுதொழில் செய்பவர்கள் சங்கம் ஒன்றின் ஆண்டுக் கூட்டம். நண்பர் ரஹமத்துல்லா அழைத்திருந்தார். அட்டைப்பெட்டி கம்பெனி வைத்திருப்பவர். சங்கத்தின் மாத நியூஸ்லெட்டருக்கு ஒரு வருஷமாக எடிட்டர்.

அவர் கைக்கு வருவதற்கு முன் அது எப்படி இருந்தது? தலைவர் குத்துவிளக்கு ஏற்றுகிறார், தலைவர் சால்வை போர்த்துகிறார், தலைவருக்குச் சால்வை போர்த்துகிறார்கள்... உறுப்பினர்கள் பிரிப்பதேயில்லை. பிரித்துத்தான் என்ன ஆகப்போகிறது?

ரஹமத்துல்லா யாரிடமும் சண்டை போடவில்லை. மாதத்துக்கு ஒரு மாற்றம் — அவ்வளவுதான். முதலில் மின்வெட்டு நேரங்களை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்த மாதம் தலைவர் உரையில் பாதியை வெட்டினார். தலைவர் கண்டுபிடிக்கவில்லை. எழுதுவதும் அவர் இல்லை, படிப்பதும் இல்லை — எப்படித் தெரியும்? பிறகு எழுத்தைப் பெரிதாக்கினார். அப்புறம் மூன்றாம் பக்கத்தில், யாரிடம் எந்த மெஷின் வேலையில்லாமல் சும்மா நிற்கிறது என்ற விவரத்தைப் போட ஆரம்பித்தார்.

கணவர் இறந்த பிறகு, இரும்புத் தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸைத் தனியாக நடத்தும் வசந்தா, கம்பெனியை மூடிவிடலாம் என்றிருந்தார். அந்தப் பக்கத்தில் அவர் பெயர் வந்தது. அடுத்த தெருக்காரர் ஒருவர் வாஷர் அடித்துத் தரச் சொல்லி வந்து நின்றார். ஒரே எஸ்டேட்... இத்தனை வருஷம் ஒருவரை ஒருவர் தெரியாது. கம்பெனி பிழைத்துக்கொண்டது.

கூட்டத்துக்கு வருவோம். தலைவர் மைக் பிடித்தார்.

"நம்ம நியூஸ்லெட்டர் ரொம்பப் பழசாயிடுச்சி. மெட்ராஸ்லேர்ந்து கன்சல்டன்ட் வந்துகீறாரு. முழுசா மாத்திடலாம்."

கன்சல்டன்ட் பவர்பாயின்ட் போட்டார். ஆர்ட் பேப்பர், கலர், இங்கிலீஷ் பெயர், அட்டையில் தலைவர். ஸ்லைடுக்கு ஸ்லைடு 'விஷன்'. உள்ளே படிக்க என்ன இருக்கும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

வசந்தா எழுந்தார். "அந்த மெஷின் பக்கம் எங்க தலைவரே?"

"அது இன்னாத்துக்கும்மா? வேலயில்லாம உக்காந்துகினு கீறோம்னு நாமளே சொல்லிக்கினா பாக்கறவன் இன்னா நெனப்பான்?"

"அதப் பாத்தவருதான் எனக்கு ஆர்டர் குடுத்தாரு. போன மாசம் அந்தப் பக்கத்துல இன்னா வந்துச்சின்னு சொல்லுங்க. அப்பறமா எடுத்துடலாம்."

தலைவர் கன்சல்டன்டைப் பார்த்தார். கன்சல்டன்ட் லேப்டாப்பைப் பார்த்தார்.

"கரன்ட் கட்டு டைமும் காணோமே," என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அப்புறம் இன்னொரு குரல். கமிட்டி கூடிப் பேசி முடிவெடுக்கும் என்று சொல்லிவிட்டுத் தலைவர் மைக்கை வைத்தார். நியூஸ்லெட்டர் தப்பித்தது.

சாப்பிடும்போது ரஹமத்துல்லாவிடம் கேட்டேன். "வருத்தமா பாய்?"

"பேஜாராதான் இருந்துச்சி. ஒரு வருஷமா ஒவ்வொண்ணா மாத்திக்கினு வர்றேன், பழசுன்றாரு. ஆனா அந்தம்மா எழுந்து நின்னாங்க பாரு... அது போதும்பா."

எனக்குத் தெரிந்தவரை, ஒரு பக்கத்தையும் புரட்டாதவர்களுக்குத்தான் எதையும் முழுசாக மாற்றத் தோன்றுகிறது.