வரிச்சிக்குடிச் சுண்டெலியின் எடை

சனிக்கிழமை மதியம் 2.10. மயிலாடுதுறையில் காரைக்கால் பஸ் ஏறினேன். மடியில் நகைக்கடைத் தராசு. ஒரு கிராமைப் பத்தாகப் பிரித்துக் காட்டும். தராசு பழுது பார்ப்பது என் தொழில். ஆனால் இந்தமுறை கூப்பிட்டது கடைக்காரர் இல்லை, வரிச்சிக்குடியில் இருக்கும் அக்கா. ஓர் எலியை நிறுக்க வேண்டுமாம்.

டிக்கெட் 35 ரூபாய். திருவேட்டக்குடிக்குத் திரும்பும் மீன்கார அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தராசில் எதை நிறுக்கப் போகிறேன் என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வராது. எலி என்றேன்.

"அத யாருங்க வாங்குவா?" என்றார்.

பூவம் தாண்டி 3.40க்கு இறங்கினேன். மச்சானின் சம்பா கதிர் பழுத்து நின்றது. நடுவில் அங்கங்கே எலி வெட்டிய தூர்கள். வரப்பு வைக்கோலுக்கடியில் ஒரு சின்ன எலி அகப்பட்டிருந்தது. பெருச்சாளிக் குட்டி, அடுத்த மாதம் முழங்கை நீளம் ஆகிவிடும் என்பது மச்சான் கட்சி. எலி மருந்தும் வாங்கிவிட்டார். அக்காவின் இருபது கோழிகளும் மேய்வது அந்த வரப்பில்தான். இது வளர்ந்த எலி, இனமே சின்னது என்பது அக்கா கட்சி. இன்று நிறுப்பது, விடிந்ததும் நிறுப்பது. எடை ஏறியிருந்தால் குட்டி, மருந்து வைக்கலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

வைக்கோல் போட்ட டப்பாவிலிருந்து எலியை ஒரு தகர டின்னுக்கு மாற்றி நிறுத்து, டின் எடையைக் கழித்தேன். 13.2 கிராம். இரண்டு பத்து ரூபாய் நாணயம்கூட இதைவிடக் கனம். உடம்பு ஆறு சென்டிமீட்டர், வாலும் ஏறக்குறைய அவ்வளவே. வயிறு வெள்ளை. காது மட்டும் பெரிது.

ஞாயிறு காலை 6 மணி. அதே டின், அதே தராசு. 9.1.

"என்ன மாப்ள, ஒன் தராசு ராத்திரி பட்டினியா?" என்றார் மச்சான்.

இருபது கிராம் படிக்கல்லை வைத்துப் பார்த்தேன். சரியாக இருபது. மறுபடி எலி. மறுபடி 9.1. ஒரு ராத்திரியில் நாலு கிராம் எங்கே போகும்?

அக்கா டப்பாவிலிருந்த வைக்கோலை விலக்கினாள். உள்ளே நாலு குஞ்சுகள். மயிரில்லை, கண் திறக்கவில்லை, மொச்சைக்கொட்டை அளவு. நாலையும் சேர்த்து நிறுத்தேன்: 3.8. மீதி 0.3 எங்கே என்று நான் யோசிப்பதற்குள் அக்கா டப்பா மூலையில் கிடந்த புழுக்கையைக் காட்டினாள்.

மச்சான் குனிந்து டப்பாவுக்குள் பார்த்தார்.

"புள்ள பெத்தவளப் போயி குட்டிங்குறீங்களே," என்றாள் அக்கா.

அப்படியானால் தூர் வெட்டிய பெரிய எலி வேறு எங்கோ இருக்கிறது. அதற்குக் கிட்டி வைப்பவரை மச்சான் போனில் கூப்பிட்டார். கிட்டி என்பது வில்போல மூங்கிலை வளைத்துக் கட்டிய பொறி. சின்ன எலி இழுத்தால் கிட்டி விழாது, கவலை வேண்டாம் என்றாராம் அவர். அக்கா கோழிக்கூட்டைத் திறந்துவிட்டாள். தாயையும் குஞ்சுகளையும் வைக்கோலோடு பழைய இடத்திலேயே வைத்தோம்.

9.30 பஸ்ஸுக்கு மச்சானும் வந்தார். மருந்தைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். பெருச்சாளி எத்தனை கிராம் இருக்கும் என்று கேட்டார். தெரியவில்லை, இந்தத் தராசு தாங்காது என்றேன்.

பொறையாறு தாண்டியதும் உட்கார இடம் கிடைத்தது. என் வீட்டு அடுக்களையிலும் இந்த அளவில் ஒன்று ஓடும். இதுவரை அதைக் குட்டி என்று சொல்லித்தான் விரட்டியிருக்கிறேன்.