முந்திக்கொண்ட விசில்

காரின் நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு ஊசியக்கா விசில் ஊதுகிறார். முதலில் சின்னதாக ஒன்று; அது சாதாரணத் தவறுக்கு. அடுத்தது வெடுக்கென்று, காதைப் பிய்ப்பதுபோல. யாரோ யாரையோ பிடித்துத் தள்ளிவிட்டார்கள். பிறகு மூச்சை நன்றாக இழுத்து நீளமாக ஒன்று. ஆட்டம் முடிந்தது, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள். மருத்துவமனையின் வண்டி நிறுத்துமிடத்துக் காவலாளிக்கு இது பழகிப்போன சங்கீதம். "என்னக்கா, இன்னிக்கு பெனால்டியா?" என்று கேட்டுக்கொண்டே கடந்துபோவார். புதிதாக வருகிறவர்கள்தான் பாவம். நிறுத்தக் கூடாத இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டோமோ என்று பதறிப்போய்த் திரும்ப எடுப்பார்கள்.

ஊதி முடித்ததும் விசிலைத் துடைத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பது அவர் வேலை. அதிலும் குழந்தைகளுக்கு எடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. நரம்பே காணோம் என்று மற்றவர்கள் கைவிட்ட பிஞ்சுக் கையையும் விரலால் மெல்லத் தடவிப் பார்த்து, "இதோ ஒளிஞ்சிருக்கான் திருட்டுப் பய" என்று பிடித்துவிடுவார். உதடு பிதுங்கி, அழுகை தொண்டைக்கு வந்து சேர்வதற்குள் ஊசி வெளியே வந்திருக்கும். அங்கே வேகம்தான் கருணை. ஆனால் குழந்தைகளுக்கு அதெல்லாம் தெரியுமா என்ன? கோட்டைக் கண்டதுமே அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்க் கையை அக்குளில் செருகிக்கொள்ளும். அதைக் கெஞ்சிக் கொஞ்சி வெளியே எடுப்பதிலேயே பாதிப் பொழுது போய்விடும்.

இப்படிப்பட்டவருக்கும் கால்பந்துக்கும் என்ன சம்பந்தம்? மகள் பள்ளி அணியில் ஆடிய காலத்தில், நடுவர் வராமல் ஆட்டம் நின்றுபோவது அடிக்கடி நடந்தது. பிள்ளைகள் காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து, ஆடாமலே திரும்புவார்கள். ஒருநாள் பயிற்சியாளர் பெற்றோர் கூட்டத்தைப் பார்த்து, "யாராவது சும்மா விசில் பிடிச்சுக்கிட்டு நின்னாக்கூடப் போதுங்க" என்றார். உடனே எல்லோருக்கும் கைபேசியில் முக்கியமான வேலை வந்துவிட்டது. ஊசியக்கா போய் நின்றார். பந்து வெளியே போனால் ஊதினார், யாராவது விழுந்தால் ஓடிப்போய்த் தூக்கினார். அன்று அவருக்குத் தெரிந்த விதிகள் அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னதை அந்த மனிதர் இன்றைக்கும் நடித்துக் காட்டுகிறார்: "ஆஸ்பத்திரியில என்னைப் பார்த்தா தெறிச்சு ஓடுதுங்க. அங்க எல்லாம் என்னைத் தேடி ஓடி வருதுங்க! சண்டை போடத்தான் வருதுங்க, இருக்கட்டுமே!"

மகள் மேற்படிப்புக்குப் போனாள், பந்தை மறந்தாள். அம்மா மறக்கவில்லை. சிறுவர் ஆட்டங்களுக்கும் பள்ளி ஆட்டங்களுக்கும் நடுவர் சான்றிதழ் தருகிற வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். கூடப் படித்தவர்களெல்லாம் மீசை இப்போதுதான் அரும்பிய பிள்ளைகள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டார். ஓட்டத் தேர்வுக்காக வீட்டிலேயே பழகினார். நடுவர் ஆட்டத்துக்கு முதுகு காட்டக் கூடாதாம். அதனால் சமையலறையிலிருந்து கூடத்துக்குப் பின்னோக்கியே ஓடி வருவார். ஒரு பூந்தொட்டி உடைந்தது. கணவரின் கால் கட்டைவிரல் கொஞ்ச நாள் நீலமாக இருந்தது. ஓட்டத் தேர்விலும் தேறிவிட்டார்.

வழுக்கிவிட்டது களத்தில். உண்மையான ஓர் ஆட்டத்தை நடத்த வேண்டும். தேர்வாளர் ஓரத்தில் நின்று பார்ப்பார். இரண்டு முறை நடத்தினார், இரண்டு முறையும் தோற்றார், இரண்டு முறையும் ஒரே காரணம்: விசில் முந்திக்கொள்கிறது. தவறு நடந்தாலும், அடிபட்ட அணியே பந்தோடு முன்னேறிக்கொண்டிருந்தால் நடுவர் ஊதக் கூடாது, ஆடவிட வேண்டும். ஊதிவிட்டால் அந்த நொடியே பந்து செத்துப்போகும். அதற்குப் பிறகு என்ன நடந்தாலும் கணக்கில்லை. ஊசியக்காவுக்கோ ஒரு குழந்தையின் கால் தடுக்குவதைக் கண்டால் போதும், அது கீழே விழுவதற்குள் விசில் அலறியிருக்கும். வகுப்பெடுத்த ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். "விசிலை வாயில வைக்காதீங்கம்மா, கையில வையுங்க. கையிலேர்ந்து வாய்க்குப் போறதுக்குள்ள புத்தி வந்து சேர்ந்துடும்."

மூன்றாவது முறையும் போனால் வகுப்பு, பரீட்சை, ஓட்டம் எல்லாம் முதலிலிருந்து. வெளியே சிரித்துக்கொண்டு திரிந்தாலும் கணவரிடம் மட்டும் சொல்லியிருந்தார்: "இதோட கடைசிங்க. இன்னொரு தடவை முதல்லேர்ந்து ஓட எனக்கு முடியாது." சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. கணவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். "சரி, வா, கண்ணையாவது ஒரு தடவை செக் பண்ணிடலாம்" என்று கடைக்குக் கூட்டிப்போனார்.

அந்த மூன்றாவது ஆட்டம் சிறுமிகளுக்கானது. காலையில் பெய்த மழையில் மைதானம் சொதசொதவென்று கிடந்தது. சிவப்புச் சட்டை அணி அந்தப் பருவம் முழுக்க ஒரு கோல்கூடப் போட்டதில்லை. அவர்களைப் பெற்றவர்கள் பந்து நடுக்கோட்டைத் தாண்டினாலே கைதட்டுவார்கள், பாவம். ஊசியக்கா விசிலைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஒருத்தி சட்டையை ஒருத்தி இழுத்தாள். பொறுத்துப் பார்த்து ஊதினார். இரண்டு பேர் மோதிக்கொண்டு தாங்களே எழுந்து ஓடினார்கள், ஊதவில்லை. ஓரத்தில் கணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஆட்டம் முடியப்போகிற நேரம். சிவப்பு அணியின் ஏழாம் எண்காரி, ஒல்லிக்குச்சிப் பெண், பந்தோடு பாய்ந்து வந்தாள். மஞ்சள் அணியின் கால் ஒன்று குறுக்கே வந்து அவள் காலைக் கொக்கி போட்டது. உடம்பு முன்னால் சாய்ந்தது. அவ்வளவுதான்! கை எப்போது வாய்க்குப் போனது என்று ஊசியக்காவுக்கே தெரியாது. விசில் அலறிவிட்டது. அந்தப் பெண்ணோ விழவில்லை. சேற்றில் ஒரு கையை ஊன்றி, எழும்பி, உதைத்தாள். பந்து கோல்காரி பாய்ந்த கைக்கு மேலே போய் வலையில் விழுந்தது.

சிவப்புக் கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்தக் கூச்சலில் விசில் முந்தியா பந்து முந்தியா என்று யாருக்கும் தெரியவில்லை. கோல்காரியே பாய்ந்திருக்கிறாளே! தேர்வாளர் நின்றது மைதானத்தின் அந்தக் கோடியில். பந்து போன பிறகுதான் ஊதினேன், கோலுக்காக ஊதினேன் என்று நடுக்கோட்டைக் காட்டிவிட்டால் முடிந்தது கதை. எல்லோருக்கும் சந்தோஷம், அவருக்கும் சான்றிதழ். மஞ்சள் அணியின் பயிற்சியாளரே, "சின்னப் பசங்கதானே, கொடுத்துடுங்க மேடம்" என்று கையை ஆட்டினார்.

ஊசியக்கா விசிலை வாயிலிருந்து எடுத்தார். தோழிகளின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஏழாம் எண்ணைப் பார்த்தார். பிறகு தவறு நடந்த இடத்துக்கு நடந்துபோய்க் கையை நீட்டிக் காட்டினார்.

"கோல் கிடையாது. நான் முன்னாடியே ஊதிட்டேன். தப்பு என்னோடது. ஃப்ரீ கிக்."

"ரெஃப்ரிக்குக் கண்ணு தெரியலையா? யாராவது ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுங்கப்பா!" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார்.

வாயே திறப்பதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு வந்திருந்த கணவர் எழுந்தேவிட்டார். "அந்தக் கண்ணை நானே செக் பண்ணியிருக்கேன், ஒரு குறையும் இல்லை! சந்தேகமா இருந்தா நீங்க கடைக்கு வாங்க, உங்களுக்கு ஃப்ரீயாப் பார்க்கிறேன்!"

அந்த ஃப்ரீ கிக் எங்கோ ஆகாயத்துக்குப் போனது. ஆட்டம் கோலே இல்லாமல் முடிந்தது.

தேர்வாளர் சேற்றைத் தாண்டித் தாண்டி நிதானமாக வந்து சேர்ந்தார். "அவசர விசில். மார்க் குறைச்சிருக்கேன்" என்றார். ஊசியக்கா தலையை ஆட்டினார். அழக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"ஆனா அது ஒண்ணுதான். மத்தபடி ஆட்டம் முழுக்க விசில் கையிலதான் இருந்துச்சு, பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். பதறாத காரியம் சிதறாதும்மா, ஞாபகம் வச்சுக்குங்க. பாஸ்."

கணவர் அங்கேயே கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். துடைக்க வேண்டியது கண்ணை. பிள்ளைகள் வரிசையாக வந்து நடுவருக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். வரிசையில் ஏழாம் எண் இல்லை.

அவள் கோட்டுக்கு வெளியே ஈரப் புல்லில் தனியாக உட்கார்ந்து, சேற்றில் ஊறி இறுகிப்போன காலணி முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மூக்கு சிவந்திருந்தது. ஊசியக்கா போய் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"அது எங்க டீமோட முதல் கோல்" என்றாள் அவள், நிமிராமலே.

"தெரியும்டா கண்ணு."

"நான் விழவே இல்லை."

"நீ விழலைடா. நான்தான் விழுந்துடுவேன்னு நினைச்சுட்டேன்."

மன்னிப்புக் கேட்டால் போன கோல் திரும்பி வரப்போகிறதா? ஊசியக்கா அந்தச் சின்னக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். முடிச்சை விரலால் தடவிப் பார்த்தார். எந்த இழை எதன் அடியில் போகிறது என்று கண்டுபிடித்து, அவசரப்படாமல் ஒவ்வொன்றாக நெகிழ்த்தினார். காலணி கழன்று வந்தது. சிறுமி மூக்கை உறிஞ்சினாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே, மற்றக் காலையும் தூக்கி அவர் மடியில் வைத்தாள்.