என்னை ஓனராக்கிய ஏழு பெண்கள்

நான் பாத்திரக்கடைக்காரி. ராமநாதபுரத்தில் ஒன்று, பரமக்குடியில் ஒன்று, தொண்டியில் ஒன்று என்று மூன்று கடைகள். இப்போது என்னைக் கூட்டங்களுக்கு அழைக்கிறவர்கள் 'கபடி அணி உரிமையாளர்', 'கொடையாளர்' என்றெல்லாம் மைக்கில் சொல்கிறார்கள். கேட்கும்போது பக்கத்து நாற்காலியில் இருக்கும் வேறு யாரையோ சொல்வதுபோல இருக்கும். கபடிக்கு ஒரு பக்கம் எத்தனை பேர் என்பதுகூடத் தெரியாமல் இருந்த என்னை ஒரே சாயங்காலத்தில் ஓனராக்கியது ஏழு பெண்கள்.

அன்று திருப்பாலைக்குடியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் கபடிப் போட்டி. பரிசுப் பொருட்கள் எங்கள் கடை உபயம். ஜெயிக்கிற அணிக்கு ஆளுக்கொரு பிரஷர் குக்கர், இரண்டாவது அணிக்கு ஹாட் பாக்ஸ். கடலோர ஊர்களில் கடையின் பெயர் தெரியட்டும் என்பதற்காகக் கொடுத்தது, புண்ணியத்துக்காக இல்லை. வேனை என் வீட்டுக்காரர் ஓட்டி வந்திருந்தார். பெட்டிகளை மேடைக்குப் பின்னால் இறக்கியாகிவிட்டது. கிளம்பப்போகும் நேரத்தில் மைதானத்தின் ஓரத்தில் வாக்குவாதம் கேட்டது.

ராமநாதபுரத்தில் கல்லூரியில் படிக்கிற பெண்கள், ஏழு பேர், விளையாட வந்திருந்தார்கள். போட்டி நடத்துகிறவர் அவர்களை இறக்க மாட்டேன் என்று நின்றார். "பொம்பளப் புள்ளைக அடிபட்டா யாரு பதில் சொல்றது? பெரியவங்க யாராச்சும் பொறுப்பு எடுத்துக்கிட்டாத்தான் பேரு சேப்பேன். மத்த டீமு மாதிரி உங்க டீமுக்குன்னு ஓனரு, கோச்சு யாரும் இல்லையா?"

அந்தக் கூட்டத்தில் ஒரு நெட்டைப் பெண் இருந்தாள். சுற்றும் முற்றும் பார்த்தவள், சட்டென்று என்னை நோக்கிக் கையை நீட்டினாள். "இந்தா நிக்கிறாகளே, இவுகதான் எங்க ஓனரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பரிசு கொடுத்த அம்மா என்பதால் அந்த மனிதருக்கு என்னைத் தெரியும். "அப்படியாம்மா? சொல்லவே இல்ல?" என்றார். ஏழு பேரும் என்னையே பார்த்தார்கள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "ஆமா, நம்ம புள்ளைகதான்" என்று வந்துவிட்டது.

கையெழுத்துப் போட்டுவிட்டு அந்தப் பெண்ணைத் தனியே இழுத்தேன். "ஏத்தா, என்னை உனக்கு முன்னப்பின்னத் தெரியுமா?"

"உங்க கடையில குடம் வாங்கிருக்கோம்ல" என்றாள்.

குடம் என்றதும் அவள் கையை விட்டுவிட்டேன். என் பிழைப்பே குடத்தில்தான் தொடங்கியது. சிக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் மிளகாயும் பருத்தியும் போடுகிற குடும்பத்தில் பிறந்தவள் நான். கல்யாணமாகி ராமநாதபுரம் வந்தபோது வீட்டுக்காரர் யாருக்கோ லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் லாரி வரும் தெருவில் நானும் வரிசையில் நிற்பேன். அப்போதுதான் கவனித்தேன், எல்லோருடைய பிளாஸ்டிக் குடமும் கழுத்தில்தான் விரிசல் விடுகிறது. இடுப்பில் வைக்கிற பெண்ணுக்கு ஒரு அளவு வேண்டும், தள்ளுவண்டியில் ஆறு குடம் அடுக்குகிறவளுக்கு வேறு அளவு வேண்டும். மதுரைக்குப் போய்க் கழுத்து கெட்டியான குடமாகப் பார்த்து எடுத்துவந்து, வண்டியிலேயே வைத்து ஊர் ஊராக விற்றோம். எங்கள் மாவட்டத்தில் மழை வராத வருஷம் உண்டு, குடம் விற்காத வருஷம் கிடையாது. குடத்துக்குப் பிறகு எவர்சில்வர், அதற்குப் பிறகு கல்யாணச் சீர்ப் பாத்திரங்கள் என்று கடை வளர்ந்தது. வாங்குகிறவளிடம் என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு அதைக் கொண்டுவந்து வைப்பது, நான் கற்ற தொழில் இவ்வளவுதான். அதையே பிறகு கபடியில் மறந்து நின்றேன்.

அன்று அந்தப் பெண்கள் முதல் ஆட்டத்தை ஜெயித்தார்கள், அடுத்ததில் தோற்றார்கள். நெட்டைப் பெண் மூச்சடக்கிப் பாடிப் போய், மூன்று பேர் காலைப் பிடித்து இழுக்க, புழுதியில் ஊர்ந்து விரல் நுனியால் கோட்டைத் தொட்டாள். நான் என் வயசு, சேலை, பக்கத்தில் நின்ற ஆட்கள் எதையும் பார்க்காமல் கத்தினேன். திரும்பும்போது ஏழு பேரையும் வேனிலேயே ஏற்றிக்கொண்டோம். எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. வீட்டுக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ஓனரம்மா, வீட்டுக்கு விடவா, இல்ல அடுத்த மேட்சுக்கு விடவா?" என்றார்.

அதற்கு அடுத்த வாரமே நான் நிஜமாகவே ஓனராகிவிட்டேன். ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியை ஒருவரைக் கோச்சாகப் பிடித்தேன். ஷூ, முட்டிக்கு மாட்டும் கேப், போக்குவரத்துக்கு வேன் என்று எல்லாம் வந்தது. ஜெர்சியும் அடித்தேன். மஞ்சள் துணி, முதுகு முழுக்கக் கடையின் பெயர், நெஞ்சில் ஒரு பிரஷர் குக்கர் படம். கடை போர்டை வரைந்தவரே வரைந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பெருமை.

உப்பூர்ப் பக்கம் நடந்த போட்டியில் அந்த ஜெர்சியோடு முதன்முதலாக இறங்கினார்கள். பார்க்க வந்த கூட்டம் விசில் அடிக்க ஆரம்பித்தது. எங்கள் பெண் பாடிப் போகும்போதெல்லாம், "ஏலே, குக்கரு வருது, குக்கரு வருது" என்று ஒரே சிரிப்பு. நான் அதை விளம்பரம் என்றே நினைத்தேன். பெயர் ஊருக்குள் பரவுகிறதே என்று சந்தோஷம் வேறு. பெண்கள் கால் பின்னி, பிடி தவறி, படுமோசமாகத் தோற்றார்கள். வேனில் ஏறியதும் நான் பிடித்துக்கொண்டேன்.

"கடை பேரப் போட்டுக்கிட்டு இப்படியா ஆடுவீக? பாக்குறவுக என்னைய என்ன நினைப்பாக?"

ஏழு பேரும் பைகளை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை கடை திறந்த கையோடு நெட்டைப் பெண் வந்தாள். ஏழு ஜெர்சியையும் துவைத்து மடித்து ஒரு பையில் போட்டுக் கல்லாவுக்கு முன்னால் வைத்தாள்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. இதைப் போட்டுக்கிட்டு எங்களால ஆட முடியல. அவங்க 'குக்கரு'ன்னு கூப்புடுறப்போ பிடிக்கப் போற கை தன்னால நெஞ்சை மறைக்கப் போகுது. எங்க பழைய பனியனே போதும்."

"அப்ப நான் செஞ்சது எதுவும் வேணாமா?"

"அப்படிச் சொல்லல. எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

கோபத்தில் பையைக் கல்லாவுக்கு அடியில் தள்ளிவிட்டேன். இரண்டு நாள் பயிற்சிப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டே வீட்டுக்காரர் சொன்னார். "குடம் விக்கிறப்போ ஒவ்வொருத்திகிட்டயும் எந்த அளவு வேணும்னு கேப்ப. இதுகளை மட்டும் கேக்காம விட்டுட்ட." சொல்லிவிட்டுச் சட்னியை ஊற்றிக்கொண்டார். அவர் எப்போதும் அப்படித்தான், நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். அன்று கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டார்.

சாயங்காலம் அவர்கள் பயிற்சி செய்கிற இடத்துக்குப் போனேன். ஊருக்கு வெளியே சீமைக்கருவேலம் மண்டிய பொட்டல் அது. ஒரு கல்லில் உட்கார்ந்து, "சரித்தா, இப்பக் கேக்குறேன். உங்களுக்கு என்ன வேணும்?" என்றேன்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளிநாட்டு ஷூ, வெளியூர்ப் பயணம் என்று எதையாவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். கடைசியில் ஒருத்தி தலையைக் குனிந்தபடியே சொன்னாள். "உடுப்பு மாத்த ஒரு ரூம் வேணும். ஒரு பாத்ரூம் வேணும். மூணு மணிக்கு மேல நாங்க தண்ணியே குடிக்கிறதில்ல, தெரியுமா?" இன்னொருத்தி, "ரோட்டுல போறவங்க போன்ல படம் எடுக்காத மாதிரி ஒரு மறைப்பு" என்றாள்.

அந்த வெயிலில், தண்ணீர் குடிக்காமல் ஓடியிருக்கிறார்கள். நான் முட்டிக்கு கேப் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ராமநாதபுரத்தை ஒட்டி எங்களுக்கு ஒரு குடோன் இருந்தது. நாலாவது கடைக்குச் சரக்கு அடுக்குவதற்காகக் கட்டி, அப்போதுதான் கூரை போட்டு முடித்திருந்தோம். அதைக் கபடிக்கு விட்டுவிடலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். அந்தக் குடோனின் ஒவ்வொரு செங்கல்லும் அவர் நின்று வைத்தது.

"அப்ப நாலாவது கடை?" என்றார்.

"மூணே நல்லாத்தான் இருக்கு."

"யோசிச்சுச் சொல்றியா?"

"யோசிச்சுத்தான் சொல்றேன். நாலாவது கடை வேணும்னு என்கிட்ட எந்தப் பொம்பளையும் கேக்கலையே."

மறுநாள் அவரே கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மூன்று கழிப்பறை, உடை மாற்ற இரண்டு அறை, ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி எல்லாம் அவர் திட்டம். தரையில் விரிக்க மேட் வந்தபோது செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு முதல் ஆளாக அதில் நடந்து பார்த்தார்.

புதிய ஜெர்சியை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். கருநீலம். கடையின் பெயர் கைப்பக்கம் சின்னதாக இருந்தது. அதுவும் அவர்களாகப் போட்டது.

அடுத்த வருஷம் பரமக்குடியில் பெரிய போட்டி. அரையிறுதி வரை முதல் நாளே ஜெயித்துவிட்டோம். இறுதி ஆட்டம் மறுநாள் மதியம் மூன்று மணிக்கு. அந்த வருஷம் நெட்டைப் பெண்தான் கேப்டன். அவள் மண்டபம் ஊரில் இருக்கும் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்தவள். அந்த மறுநாள்தான் முகாமில் ஆள் சரிபார்க்கும் நாள். வீட்டில் உள்ளவர்கள் நேரில் வந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும். காலையிலேயே நான் அவளை அழைத்துக்கொண்டு போனேன். அவள் அம்மா எனக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். "பிள்ளை முடிச்சதும் கூட்டிக்கொண்டு போங்கோ அக்கா. ராத்திரி முழுக்க நித்திரை இல்லை அவளுக்கு" என்றார்.

வரிசை நீளமாக இருந்தது. அவள் முறை வந்து முடிந்தபோது உச்சி வெயில். வேன் ராமநாதபுரத்தைத் தாண்டும்போது மேற்கே மேகம் கறுத்தது. மழை வந்தால் ஆட்டம் கெட்டுவிடும் என்று அங்கே இறுதி ஆட்டத்தை முன்னாலேயே தொடங்கிவிட்டார்கள். அவசரத்தில் யாரும் எங்களுக்குப் போன் செய்யவில்லை. நாங்கள் மைதானத்துக்குள் ஓடியபோது நம் பிள்ளைகள் கோச்சைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கூத்தாடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் முடிந்து, ஜெயித்தும் இருந்தார்கள்.

கேப்டன் ஷூ லேஸைக்கூடக் கட்டி முடிக்கவில்லை. அப்படியே நின்றாள். "நான் இல்லாமலேயே ஜெயிச்சுட்டீங்களாடி?" என்றாள். சிரிப்புத்தான் முதலில் வந்தது. கூடவே அழுகையும் வந்துவிட்டது. ஆறு பேரும் வந்து அவள்மேல் விழுந்தார்கள். அவள் இடத்தில் ஆடிய, அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த குட்டைப் பெண், "நீ சொல்லிக்கொடுத்த மாதிரியேதான் கணுக்காலப் பிடிச்சேன்" என்று மூச்சு வாங்கச் சொன்னாள். மழையும் பிடித்துக்கொண்டது. பரிசுக் கோப்பையை மேடையிலேயே நனைய விட்டுவிட்டு எல்லோரும் வேனுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு பஜ்ஜி தின்றோம்.

அந்த ஏழு பேரில் இருவர் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருத்தி கல்யாணமாகிச் சாயல்குடியில் இருக்கிறாள். கைக்குழந்தையோடு வந்தாலும் கபடி மேட்மீது கால் வைக்காமல் போக மாட்டாள். கேப்டனாக இருந்தவள் படித்து முடித்து, இப்போது குடோனிலேயே கோச். பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலிருந்து காலையும் மாலையும் பெண்பிள்ளைகள் வருகிறார்கள். யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை. மேலே படிக்க முடியாதவர்களைக் கடை படிக்கவைக்கிறது. அதற்கும் விண்ணப்பம், போட்டோ, மேடை எதுவும் கிடையாது. கோச் வந்து பெயரைச் சொல்லுவாள், அவ்வளவுதான்.

கடைகளை மருமகள் பார்த்துக்கொள்கிறாள். நான் தினமும் ஐந்து மணிக்குக் குடோனுக்குப் போய்விடுவேன். ஆட்டம் சூடுபிடித்தால் என் வாய் சும்மா இருக்காது. போன வாரம் கோச் விசிலை ஊதி ஆட்டத்தையே நிறுத்திவிட்டாள். "அம்மா, பிள்ளைங்க யாரு பேச்சைக் கேக்குறது? கொஞ்சம் வெளிய உக்காருங்க" என்றாள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் எழுந்து வெளியே வந்து, வேப்பமர நிழலில் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். உள்ளே மேட்மீது காலடிச் சத்தம் தடதடவென்று கேட்டது. அவர் பிளாஸ்கில் இருந்த டீயில் பாதியை அதன் மூடியில் ஊற்றி என்னிடம் நீட்டினார்.